பள்ளங்கி வீட்டில் வான்கோழி பர்கர்

1

வான்கோழி பர்கரில் தோற்பவர்கள் எல்லோரும் ஓரத்தில்தான் தோற்கிறார்கள். கறியைக் குறை சொல்வார்கள், அடுப்பைக் குறை சொல்வார்கள். இரண்டுமில்லை. கைமாவை இரண்டு மெல்லிய வடைகளாகத் தட்டி, ஒன்றின் நடுவில் பூரணத்தை வைத்து, இன்னொன்றால் மூடி, ஓரத்தைச் சுற்றிச் சுற்றி விரலால் அழுத்த வேண்டும். அவசரப்பட்டால் சூடு ஏறியதும் உள்ளே இருக்கும் சீஸ் உருகி, கிடைத்த விரிசல் வழியாகக் கல்லில் ஓடிவிடும். தட்டுக்கு வருவது நடுவில் பொக்கையான ஒரு காய்ந்த வடை.

பதினைந்து வருஷமாகச் சனிக்கிழமைதோறும் செய்கிறேன். என் பர்கரில் ஓரம் விட்டதில்லை. இதில் அடக்கம் காட்ட எனக்கு எந்தக் காரணமும் இல்லை.

கற்றுக்கொடுத்தவன் என் மகன் அருண். டாக்டர் எனக்கு ஆட்டுக்கறியை நிறுத்திய வருஷம் அது. எங்கள் ஊர் ஒஹாயோ மாநிலத்தில் ஒரு நடுத்தர ஊர். நான் அங்கே குடிநீர்ப் பரிசோதனைச் சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அருண் ஆறு வயதில் விமானம் ஏறும்போது பக்கத்து வீட்டுப் பையன்களோடு சண்டை போடும் அளவுக்குத் தமிழ் வைத்திருந்தான். இன்று அவனிடம் மிச்சம் இருப்பது மூன்று சொற்கள்: போதும், காரம், சரிப்பா. சனிக்கிழமை மட்டும் இந்தக் கணக்கு எங்களை உறுத்தாது. அவன் வெங்காயம் துருவுவான், நான் ஓரம் அழுத்துவேன். அரைமணி நேரத்துக்கு மூன்று சொற்களே தாராளம்.

இதை ஒஹாயோவில் இருந்து எழுதவில்லை. கொடைக்கானல் மலையில், பள்ளங்கியில், என் தங்கை முத்துலட்சுமி வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். விரலில் இன்னும் பூண்டு வாசனை இருக்கிறது. இன்று மத்தியானம் இந்த வீட்டில் நடந்ததை இன்றே எழுதிவிட வேண்டும். நாளைக்கு எனக்கு வேறு வேலை இருக்கிறது.

2

எங்கள் அம்மா இறந்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. அம்மாவுக்குப் படைக்கும் நாளுக்கு இந்த வருஷம் நான் இருந்தாக வேண்டும் என்று முடிவு செய்து தனியாகக் கிளம்பினேன். மனைவிக்கு மூட்டு அறுவை சிகிச்சை முடிந்த நேரம். அவளை மகன் பார்த்துக்கொள்கிறான். கொடைக்கானல் டவுனில் எனக்கு ஓர் அறையையும் அவனே போனில் பதிவு செய்திருந்தான். அப்பாவுக்கு வெந்நீரும் மேற்கத்திய கழிப்பறையும் வேண்டுமாம். நான் மறுக்கவில்லை.

முந்தாநாள் பள்ளங்கிக்கு வந்தேன். மலையேறும் வளைவுகளில் இரண்டு தடவை வாந்தி எடுத்த வயிறு. முத்து வாசலுக்கு ஓடி வந்தாள். அறுபத்தைந்து வயதில் அந்த மேட்டில் அவளால் ஓட முடிகிறது.

"வாங்கண்ணே. எளச்சுப் போயிட்டீங்களே. உள்ள வாங்க, எலை போட்டாச்சு."

சின்ன வயதில் என்னை 'நீ' என்று கூப்பிட்டவள். நடுவில் எப்போதோ 'நீங்க' ஆகிவிட்டேன். எப்போது என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

நான் இலைக்கு முன்னால் உட்காரவில்லை. "இன்னிக்கு வேணாம் முத்து. காபி மட்டும் குடு," என்றேன்.

அவள் முகம் ஒரு நொடி அணைந்தது. அதைச் சரிக்கட்ட நினைத்து வாயைக் கொடுத்தேன். "நானே உங்களுக்கு ஒண்ணு ஆக்கிப் போடுறேன். வான்கோழி பர்கர். உள்ள சீஸ் வச்சது. அமெரிக்காவுல என் கைப்பக்குவத்துக்குப் பேர் உண்டு."

அவள் கணவர் தங்கராசு கயிற்றுக் கட்டிலில் இருந்து எழுந்தே விட்டார். "மச்சான், பர்கர் நம்ம டவுன்லயே விக்கிறான். வான்கோழிய எங்க புடிக்கிறது?"

"புடிச்சிருவோம்ங்க," என்றாள் முத்து. அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் அம்மாவின் படத்தைப் பார்த்தாள். "நாளன்னிக்கு அம்மாவுக்குப் படைக்கணும். அன்னிக்கே ஆக்குங்கண்ணே. அம்மாவுக்கு ஒண்ணு வச்சிட்டு எல்லாரும் சாப்பிடுவோம். நானும் சாப்பிடுவேன்."

கடைசி இரண்டு சொற்களை அவள் ஏன் தனியாகச் சொன்னாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

3

வான்கோழி மலையடிவாரத்தில், கன்னிவாடியில் கிடைத்தது. தங்கராசுவின் சொந்தக்காரர் ஒருவர் தோட்டத்தில் வளர்க்கிறார். மேல்மலைக் கவுஞ்சியில் இருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இறங்கிய வண்டி, திரும்பி வரும்போது அதை ஒரு காலி மூட்டைக்குள் கழுத்து மட்டும் வெளியே தெரியும்படி கட்டிக் கொண்டுவந்தது. மூட்டையைப் பிடித்துக்கொண்டு வந்த தங்கராசு, "வழி பூரா திட்டிக்கிட்டே வந்துச்சு மச்சான். உங்க ஊரு பாஷையான்னு தெரியல," என்றார்.

ஒஹாயோவில் கைமா ஒரு பிளாஸ்டிக் தட்டில், பறவை என்ற நினைப்பே வராத ஒரு வெளிறிய நிறத்தில் கிடைக்கும். இங்கே டவுன் கடைத்தெருவில் ஜமால் பாய் கறிக்கடை வாசலில் நான் ஒரு முழுப் பறவையோடு நின்றேன்.

"பிரியாணிக்கா சார்?"

"கைமா போடணும் பாய்."

பாய் கத்தியைக் கீழே வைத்தார். "வான்கோழியக் கைமா போடச் சொன்ன மொத ஆளு நீங்கதாங்க. மெஷின் ஆட்டுக்கறிக்கு மட்டும்தான். இத நான் கத்தியிலதான் கொத்தணும். ஒரு மணி நேரம் ஆகும். அந்தப் பக்கம் டீ குடிச்சிட்டு வாங்க."

"தோல் வேணாம். ஆனா தொடைக்கறிய விட்டுறாதீங்க. நெஞ்சுக்கறி மட்டும்னா காஞ்சிரும்."

"விஷயம் தெரிஞ்சவருதான்," என்றார் பாய், தங்கராசுவிடம்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபோது என் தெம்பு உச்சத்தில் இருந்தது. கொத்தும் சத்தம் தெருவைத் தாண்டிக் கேட்டது. "முத்துவும் சாப்பிடுறேன்னு சொன்னா. சீஸ் அவளுக்குப் புடிக்குமா மாப்ள?" என்று கேட்டேன்.

தங்கராசு டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "உங்களுக்குத் தெரியாதா மச்சான்? அவ கவுச்சி தொட்டு இருபத்தாறு வருஷமாச்சு. எங்களுக்கு ஆக்குவா. வாயில வைக்க மாட்டா."

"ஏன்?"

"நேந்துக்கிட்டா. உங்க காயிதம் வராம அத்தை சாவுக்கு உங்களால வர முடியாமப் போச்சுல்ல? அப்பப் பழனி முருகனுக்கு நேந்தது. அண்ணனுக்குக் காயிதச் சிக்கல் தீரணும், வந்து என் வீட்டுல கை நனைக்கணும், அதுவரைக்கும் கவுச்சி தொடமாட்டேன்னு. வெளிய சொன்னாப் பலிக்காதாம். எங்கிட்டயே ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் சொன்னா."

"நடுவுல ஒருதரம் வந்தேனே?"

"வந்தீங்க." அவர் டீயைக் குடித்து முடித்தார். "கை நனைக்கலையே."

4

முதலில் அந்த வருகையைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்து பதினொரு வருஷம் கழித்துக் குடும்பத்தோடு வந்தேன். ஏரிக்குப் பக்கத்தில் தங்கினோம். அருணுக்கு முந்தின நாள் வயிற்றுப்போக்கு. பள்ளங்கி வீட்டில் ஒரு மணி நேரம் இருந்தோம். முத்து வெடக்கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். கை கழுவச் செம்பில் தண்ணீரோடு என் முன்னால் வந்து நின்றாள். நான், "சாப்பிட்டுட்டுத்தான் வந்தோம் முத்து," என்றேன். ஒரு வீட்டுக்குப் போய்க் கை நனைக்காமல் எழுந்து வருவதற்கு எங்கள் பக்கம் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாததல்ல. மகன் வயிற்றைக் காரணம் காட்டிக்கொண்டேன். என் வயிற்றுக்கு ஒன்றும் இல்லை. அன்று வாசலில் வழியனுப்பும்போதுதான் அவள் முதல் தடவையாக "போயிட்டு வாங்கண்ணே" என்றாள்.

இனி காகிதத்தைச் சொல்ல வேண்டும்.

வெளிநாட்டில் நிரந்தரமாகத் தங்க விண்ணப்பித்துக் காத்திருந்தவர்களுக்கு அந்த நாட்களின் நிலைமை தெரியும். விண்ணப்பம் முடிவாகும்வரை நாட்டை விட்டுப் போவதானால் பயண அனுமதிக் கடிதம் ஒன்று வேண்டும். அது இல்லாமல் போனால் திரும்ப நுழைய முடியாது. படிவம், புகைப்படம், விரல்ரேகை, மறுபடி படிவம். எனக்கு முதலெழுத்தாக இருந்த அப்பாவின் பெயர் அங்கே குடும்பப் பெயராகிவிட்டதால் எல்லாக் கடிதங்களும் 'திரு. வேலுச்சாமி'க்கே வரும். திண்டுக்கல்லைத் தாண்டாத மனிதருக்கு ஒஹாயோவில் தபால் வந்துகொண்டிருந்தது. ஆரம்பத்தில் அலுவலகங்களில் அந்தப் பெயரைக் கூப்பிடும்போது அப்பா எங்கே என்று என் தலை திரும்பும். பிறகு பழகிவிட்டது.

முத்து டவுனில் இருந்த ஒரு டெலிபோன் பூத்தில் இருந்து கூப்பிட்டாள். "அண்ணே, அம்மா போயிருச்சுண்ணே. நீ எப்ப வருவ? எடுக்காம வச்சிருக்கோம்."

நான் சொன்னேன்: "காயிதம் இன்னும் வரல முத்து. அது இல்லாமக் கெளம்பினா திரும்ப விடமாட்டான்."

இரண்டாவது வாக்கியம் உண்மை. முதலாவது பொய். கடிதம் அதற்குப் பத்து நாள் முன்பே வந்துவிட்டது. என் மேசை இழுப்பறையில் இருந்தது. அந்த வாரம் பரிசோதனைச் சாலையின் மேலாளர் பதவிக்கு நேர்காணல். கடிதம் இருந்தாலும் விமான நிலையத்தில் மறிப்பார்களோ என்ற பயம் கொஞ்சம் இருந்தது. பதவி ஆசை நிறைய இருந்தது. என் அப்பாவின் பெயர் எழுதிய அனுமதியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, என் அம்மாவின் சாவுக்கு நான் போகவில்லை. பதவி கிடைத்தது. அதில் பதினெட்டு வருஷம் இருந்தேன். நன்றாகத்தான் செய்தேன்.

அந்தப் பொய் என்னைத் தவிர வேறு யாரையும் தொடவில்லை என்று நேற்று டீக்கடையில் உட்காரும்வரை நினைத்திருந்தேன். பாய் கைமாவைப் பொட்டலமாகக் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார். தங்கராசு அதை வாங்கிக்கொண்டு பஸ் ஏறினார். நான் அறைக்குத் திரும்பினேன். வெந்நீர் வந்தது. குளிக்கத் தோன்றவில்லை.

இரண்டு வழி இருந்தது. வாயை மூடிக்கொண்டு சமைத்துப் போட்டால், தங்கை மகிழ்ச்சியோடு விரதத்தை முடிப்பாள். நடக்காத ஒன்றுக்காக முருகனுக்கு நன்றி சொல்லிக்கொண்டு என் கையால் முதல் கறியை வாயில் வைப்பாள். அல்லது சொல்லலாம். சொன்னால், இருபத்தாறு வருஷமாக அவள் இலையில் விழாத கறிக்கெல்லாம் நான்தான் காரணம் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். அவள் விரதம் முடியுமா, அந்த வீட்டுக்குள் எனக்கு இடம் இருக்குமா, எதுவும் நிச்சயமில்லை.

சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். எப்போது என்பதைத்தான் முடிவு செய்யவில்லை.

5

இன்று காலை பள்ளங்கிச் சமையலறையில் எல்லாம் சரியாக அமைந்தது. பூரணத்துக்கு அருண் போடும் காளானை விட்டுவிட்டேன். முத்து வீட்டு மலைப்பூண்டை வெண்ணெயில் பொன்னிறமாக வதக்கி நசுக்கி, கொடைக்கானல் சீஸைத் துருவி, மிளகைத் தட்டிப் போட்டேன். கைமாவில் துருவிய வெங்காயத்தைச் சாறோடு சேர்த்தேன். சாற்றைப் பிழிந்து கொட்டுகிறவர்கள்தான் வான்கோழி வறட்டுக்கறி என்று புலம்புவார்கள். டவுன் பேக்கரி பன்னைக் குறுக்கே வெட்டி வைத்தேன். கறி வெந்ததா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானியைப் பெட்டியில் கொண்டுவந்திருந்தேன். அதை எடுத்ததும் தங்கராசு, "கோழிக்குக் காய்ச்சலா மச்சான்?" என்றார்.

முத்து என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து நான் செய்வதை ஒரு தடவை பார்த்தாள். இரண்டாவது பர்கரை அவளே எடுத்துக்கொண்டாள். என்னைவிட நன்றாக அழுத்தினாள். "இது கொழுக்கட்டைதானண்ணே. தேங்காப் பூரணத்துக்குப் பதிலா சீஸு. இதுக்குப் போயி அமெரிக்கா வரைக்கும் போனீங்களா?"

தங்கராசு சிரித்தார். நானும் சிரித்தேன். அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள், பேசிக்கொண்டே இருந்தாள்.

"இவரு சொல்லிட்டாராம்ல, நான் நேந்துக்கிட்டத. சொல்லட்டும், இனிமே என்ன. முருகன் கண்ணத் தொறந்துட்டான். உங்க காயிதத்த அங்க எவனோ ஒருத்தன் மேசைக்குள்ள பூட்டி வச்சிருந்தான்ல? அவன் மனச மாத்துனது யாருங்கிறீங்க?"

"பூட்டி வச்சது நான்தான் முத்து."

அவள் விரல் ஓரத்தில் நின்றது.

"அம்மா செத்தப்பக் காயிதம் எங்கிட்டதான் இருந்துச்சு. வரலேன்னு பொய் சொன்னேன். ஆபீஸ்ல பெரிய வேலைக்குக் கூப்பிட்டிருந்தாங்க. அத விட மனசில்ல. அதான் வரல."

தங்கராசு மெதுவாக எழுந்து வாசல்படிக்குப் போனார்.

"கைலயே இருந்துச்சா?" என்றாள்.

"இருந்துச்சு."

"கெளம்பியிருந்தா வந்திருக்கலாமா?"

"மூணாம் நாள் இங்க இருந்திருப்பேன்."

"ஒருநாள் முழுக்கக் கூடுதலா வச்சிருந்தோம். ஒருவேளை காயிதம் வந்துரும்னு. ஐஸ்பாளம் வாங்க இவரு நாலு தரம் டவுனுக்குப் போயிட்டு வந்தாரு. ஊரே எடுத்துருங்கன்னு சொல்லுது. நான்தான் எங்கண்ணன் வரும்னு கத்திக்கிட்டுக் கெடந்தேன்."

கையில் இருந்த பர்கரின் ஓரத்தை ஒரு சுற்று முழுவதும் அழுத்தி முடித்துத் தட்டில் வைத்தாள். பிறகு எழுந்து, கையைக் கூடக் கழுவாமல், கொல்லைப்பக்கம் போனாள். அங்கே காயவைத்த பூண்டைக் கற்றை கற்றையாக எடுத்துக் கட்டும் சத்தம் கேட்டது. சருகைப் பிடுங்கி எறிகிற சத்தமும்.

தங்கராசு படியில் இருந்தபடியே சொன்னார்: "சுடுங்க மச்சான். கைமா கெட்டுப் போகும்."

சுட்டேன். வேறென்ன செய்வது? தோசைக்கல், மிதமான தீ, மூடி போட்டு ஒரு பக்கத்துக்கு ஆறேழு நிமிஷம். நான்கு பர்கர். எதிலும் ஓரம் விடவில்லை. எதைச் செய்யும்போதும் கை நடுங்காதது என் குணம். அது நல்ல குணம் என்று நெடுநாள் நம்பியிருந்தேன்.

6

அடுப்பை அணைத்துக் கொஞ்ச நேரம் ஆனது. முத்து உள்ளே வந்தாள். கை கால் கழுவியிருந்தாள். நெற்றியில் புதிதாகத் திருநீறு. அம்மா படத்துக்கு முன்னால் இலை விரித்தாள். வடை, பாயசம், அவித்த முட்டை, அம்மாவுக்குப் பிடித்த சுண்டைக்காய்க் குழம்பு எல்லாம் வைத்தாள். கடைசியாகத் தட்டை என்னிடம் நீட்டினாள்.

"அம்மாவுக்கு ஒண்ணு வை."

வை என்றாள். வையுங்க என்று சொல்லவில்லை.

ஒரு பர்கரை இலையில் வைத்தேன். சுண்டைக்காய்க் குழம்புக்குப் பக்கத்தில் அது ரொம்ப அந்நியமாகத்தான் தெரிந்தது.

"எங்கிட்டச் சொன்னத அங்க சொல்லு."

"முத்து..."

"சத்தமாச் சொல்லு. அம்மாவுக்குக் காது மந்தம், உனக்குத் தெரியும்ல."

எழுபத்திரண்டு வயதில், தங்கையும் தங்கை கணவரும் பின்னால் நிற்க, ஒரு படத்துக்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன். காகிதம் என்னிடம் இருந்தது அம்மா. நான் வரவில்லை. இவ்வளவுதான். இத்தனை வருஷமாக எனக்குள் இதற்கு எத்தனையோ விளக்கம் தயாராக இருந்தது. அங்கே நின்றபோது இரண்டு வாக்கியத்துக்கு மேல் தேவைப்படவில்லை.

முத்து சூடம் காட்டினாள். அப்புறம் எனக்குத் தனியாக ஓர் இலை போட்டாள். பர்கரை வைக்கவில்லை. சோறு, சுண்டைக்காய்க் குழம்பு. செம்பில் தண்ணீரோடு வந்து நின்றாள், பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நின்ற அதே மாதிரி.

"கையை நீட்டு. ரொட்டியத் தின்னா கை நனைஞ்ச கணக்காகாது. சோத்தப் பெசஞ்சு தின்னு."

நீட்டினேன். தண்ணீர் மலைக்குளிரில் சில்லென்று இருந்தது. பிசைந்து சாப்பிட்டேன். மறுசோறு போட்டாள், அதையும் சாப்பிட்டேன். நான் இலையை மடிக்கும்வரை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"நீ... சாப்பிடுவியா முத்து?" என்று கேட்டேன்.

"நேந்துக்கிட்டது முருகன்கிட்ட. பொய் சொன்னது நீ. ரெண்டையும் போட்டுக் கொழப்பாத. உன்னைய நான் மன்னிச்சிட்டேன்னு யாரும் சொல்லல. அது அது சோலிய அது அது பாக்கும்."

பர்கரை எடுத்துக் கையால் இரண்டாகப் பிட்டாள். சீஸ் நூல் நூலாக இழுத்தது. பன்னை ஓரமாக ஒதுக்கிவிட்டு, கறியை மட்டும் ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். மெதுவாக மென்றாள். தங்கராசு மூச்சு விடாமல் பார்த்தார். கறியின் ருசியே மறந்துபோன வாய் அது. எதை எதனோடு ஒப்பிடுவாள்? அவள் கண் நிறைந்தது. பூண்டுக் காரமாகவும் இருக்கலாம். நான் அதை என் கணக்கில் எழுதிக்கொள்ளத் தயாராக இல்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். "ஓரம் விடல."

பாதியைச் சாப்பிட்டாள். மீதியைத் தங்கராசுவிடம் நீட்டினாள். எழுந்து கை கழுவிக்கொண்டே என் பக்கம் பார்க்காமல் சொன்னாள்:

"டவுன் ரூம்பக் காலி பண்ணிட்டு வந்துரு. நாளைக்கு வெள்ளனே பழனிக்குக் கெளம்பணும். நேத்திக்கடன முடிக்கணும்ல. நீயும் வரணும்."

"வண்டி சொல்லிரட்டுமா?"

"வண்டியா? நடந்துதான். எறங்குற பாதைதான."

"என் முட்டி அதத் தாங்குமா முத்து? எவ்வளவு நேரம் ஆகும்?"

அவள் செம்பைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பினாள்.

"இருபத்தாறு வருஷம் ஆகாது. வா."